மயில் கழுத்தும் இரண்டாம் திரையும்

பட்டுச்சேலைக் கரையில் ஒரு மயில் வேண்டுமானால், முதலில் அதைக் கட்டம் கட்டமாக உடைத்தாக வேண்டும். தறிக்கு மேலிருந்து பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கிகள் இருந்தால் மயிலின் அகலம் 240 கட்டத்துக்குள் அடங்க வேண்டும். 480 இருந்தால் தோகையில் இன்னும் கொஞ்சம் நுணுக்கம் காட்டலாம். ஊடை ஒருமுறை குறுக்கே ஓடுவதற்கு ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை. கொக்கி தூக்க வேண்டிய இடத்தில் அட்டையில் ஓட்டை இருக்கும். தூக்கக் கூடாத இடத்தில் இருக்காது. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால் நாலு அங்குல மயிலுக்கு 240 அட்டை. மொத்தம் 57,600 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் உண்டு அல்லது இல்லை என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

பெரிய காஞ்சிபுரத்தில் இந்தக் கட்டங்களை ஒரு காலத்தில் கிராஃப் தாளில் பென்சிலும் வர்ணமும் கொண்டு நிரப்பினார்கள். இப்போது டிசைன் போடுகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சில தறிகளில் மின்னணு ஜக்கார்டே ஏறிவிட்டது. அதற்கு அட்டையும் வேண்டாம், கோப்பு போதும். ஆனால் கட்டங்களை நிரப்பும் வேலை மட்டும் மாறவில்லை. நாள் முழுக்கக் கண்ணையும் கையையும் வாங்குகிற வேலை அது. இந்த வேலைக்கு இரண்டு திரை வைத்த லேப்டாப் வாங்கினால் என்ன என்று கேட்கிற இளைஞர்களைப் பிள்ளையார்பாளையம் பக்கம் பார்க்க முடிகிறது. கீபோர்டுக்கு மேலே, பிரதான திரைக்குக் கீழே, விரலால் தொட்டு வேலை வாங்கும்படி இன்னொரு நீளத் திரை பதித்த லேப்டாப்கள் அவை. நல்ல கேள்வி. பதிலைக் கணக்கிலிருந்து தொடங்குவதே நியாயம்.

சாதாரண லேப்டாப் திரை 1920 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரம். ஒரு கட்டத்துக்கு எட்டுப் பிக்சல் கொடுத்தால் 240 கட்டங்கள் அகலத்தை மிச்சமில்லாமல் நிரப்பிவிடும். இடிப்பது உயரத்தில். 1080-ஐ எட்டால் வகுத்தால் 135 வரிசைதான். மயிலில் பாதிக்குச் சற்று மேல் தெரியும், மீதி திரைக்கு வெளியே. 2019-இல் அசுஸ் நிறுவனம் கொண்டுவந்த ஜென்புக் டுவோவில் இரண்டாம் திரை 1920-க்கு 515 பிக்சல். அகலம் மேலே உள்ள திரையைப் போலவே ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். இதில் இன்னும் 64 வரிசை வரும். இரண்டையும் கூட்டினால் 199. மயிலின் கால் அப்போதும் வெளியேதான் தொங்கும். அதோடு இரண்டு திரைக்கும் நடுவே கீல் இருக்கிறது. மேல்திரை நிமிர்ந்து நிற்க, கீழ்த்திரை படுத்துக் கிடக்கிறது. கழுத்தின் வளைவு ஒரு திரையில் தொடங்கி இன்னொன்றில் முடிந்தால், அந்த வளைவு சரியாக இருக்கிறதா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது.

ஆகவே ஒரே படத்தை இரண்டு திரையிலும் நீட்டிப் போடுவது வீண். வேறொரு வழி உண்டு. மேலே கட்டங்களைப் பெரிதாக்கி வேலை செய்துகொண்டே, கீழே அதே மயில் கரை நெடுக வரிசையாக எப்படி நிற்கிறது என்று பார்க்கலாம். கட்டத்துக்குள் மூழ்கியிருக்கும்போது ஒரே ஒரு கட்டம் தவறிப்போனால் தெரியாது. அதுவே கரையில் நாலு அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும்போது கோடு போட்டாற்போல் கண்ணில் குத்தும். ஜரிகையின் போக்கும் அப்படித்தான். எங்காவது ஜரிகை இழை கட்டுப்படாமல் நீளமாக மேலே கிடந்தால், சேலை கட்டுகிறவரின் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டி இழுபடும். அதைத் தூரத்தில் நின்று மொத்தமாகப் பார்த்தால்தான் பிடிக்க முடியும். பெரிதாக்கு, சிறிதாக்கு என்று ஒரு நாளில் நூறு தடவை தட்டுகிறவருக்கு, இரண்டு பார்வையும் ஒரே நேரத்தில் கிடைப்பது பெரிய விடுதலை. இரண்டாம் திரைக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியவற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்.

விரலால் கட்டங்களை நிரப்பிவிடலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். எட்டுப் பிக்சல் கட்டம் அந்தத் திரையில் 1.3 மில்லிமீட்டர். தொடுதிரைப் பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது மென்பொருள் வடிவமைப்பாளர்களின் பொதுவான கணக்கு. விரல் நுனி திரையில் பதியும் அளவை வைத்துச் சொன்னது. அதாவது ஒரு விரல் ஏழுக்கு ஏழு, கிட்டத்தட்ட ஐம்பது கட்டங்களை ஒரே அமுக்கில் மூடிவிடும். கட்டத்தைத் தொட பேனா வேண்டும், அல்லது மவுஸ். விரலுக்கு உரியது நிறப்பெட்டி, கருவிப் பொத்தான், நகர்த்தும் பட்டை போன்ற பெரிய இலக்குகள்தான். தொடுதிரை வேலை செய்யும் விதமும் இதில் சேர்கிறது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை ஓடுகிறது. விரல் நெருங்கும்போது அந்த இடத்தில் மின்தேக்கத்தின் அளவு மாறுவதை வைத்துத் தொட்ட இடத்தை அது கணிக்கிறது. ஈரமும் அதே மாற்றத்தை உண்டாக்கும். அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி நின்ற அறையில் உட்கார்ந்து பார்த்தால், வியர்த்த விரல் ஒன்றைத் தொட திரை வேறொன்றைத் தொட்டதாக நினைப்பது புரியும்.

கீபோர்டுப் பக்கம் இன்னொரு தொடுதிரை பதித்த லேப்டாப் குடும்பத்தில் மிகப் பெயர்பெற்றது ஆப்பிளின் டச் பார். 2016 அக்டோபரில் மேக்புக் ப்ரோவில் வந்தது. கீபோர்டின் மேல்வரிசையில் இருந்த எஸ்கேப், எஃப்-1, எஃப்-2 முதலான பொத்தான்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 2170-க்கு 60 பிக்சல் கொண்ட மெல்லிய ஓஎல்இடி பட்டையைப் பதித்தார்கள். எந்த மென்பொருள் திறந்திருக்கிறதோ அதற்கேற்றபடி பொத்தான்கள் மாறும். பார்க்க அழகு. 2019-இல் வந்த 16 அங்குல மாடலில் எஸ்கேப் மறுபடி நிஜப் பொத்தானாகத் திரும்பியது. 2021-இல் புதிய 14, 16 அங்குல மாடல்களில் முழு வரிசையும் திரும்பியது. கடைசியாக டச் பார் இருந்த 13 அங்குல மாடலையும் 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். ஆப்பிளுக்கு முன்பே லெனோவோ இதே பரீட்சையை எழுதித் தோற்றிருந்தது. 2014-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் மேல்வரிசைப் பொத்தான்களுக்குப் பதில் தொடுபட்டை வைத்தார்கள். அடுத்த ஆண்டு மாடலிலேயே பழைய பொத்தான்களை மீட்டு வைத்தார்கள்.

இவ்வளவு பெரிய நிறுவனங்கள் எங்கே சறுக்கின? குழித்தறியில் உட்காரும் நெசவாளரின் கண் நெய்துகொண்டிருக்கும் சேலையில் இருக்கிறது, கால் குழிக்குள் மிதியில் இருக்கிறது. எந்த மிதி எங்கே இருக்கிறது என்று அவர் குனிந்து பார்ப்பதில்லை, பாதத்துக்கே தெரியும். மிதிகளை எடுத்துவிட்டு ஒரு வழவழப்பான கண்ணாடியைப் பதித்து, 'வேலைக்கு ஏற்றபடி இதில் வெவ்வேறு மிதி தோன்றும்' என்றால் அவர் ஒவ்வோர் ஊடைக்கும் குழிக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். டச் பார் செய்தது அதைத்தான். கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் சின்ன மேடு இருப்பதே விரல் தன் இடத்தைக் கண்ணின் உதவியில்லாமல் கண்டுபிடிக்கத்தான். அமுக்கியதும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உள்ளே போய்த் திரும்பும் அந்த அசைவு 'ஆயிற்று' என்று விரலுக்குச் சொல்கிறது. கண்ணாடி எதையும் சொல்லாது. நம் கண் கூர்மையாகப் பார்க்கும் பரப்போ மிகச் சிறியது: கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு, ஏறத்தாழ இரண்டு பாகை. மற்றதெல்லாம் மங்கல்தான். கீபோர்டின் மேல்வரிசைக்குக் கண்ணைக் கொண்டுபோனால் மயிலை விட்டாக வேண்டும்.

ஆனால் டச் பாரின் தோல்வியை வைத்து இரண்டாம் திரை மொத்தமும் வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். டச் பார் விரல் அறிந்திருந்த பொத்தான்களைப் பறித்தது. அசுஸின் நீளத் திரை எந்தப் பொத்தானையும் பறிக்கவில்லை, இடத்தை மட்டும் பறித்தது. அந்த இடத்துக்கு விலை உண்டு. கீபோர்டு முன் விளிம்புக்குத் தள்ளப்பட்டது, மணிக்கட்டு வைக்க இடமில்லை. டச்பேட் சுருங்கி வலது ஓரத்துக்குப் போனது. இடதுகைக்காரர்களை யாரும் நினைக்கவில்லை. பெரிய மாடலான ஜென்புக் ப்ரோ டுவோவுக்கு மணிக்கட்டு தாங்கியைத் தனிப் பலகையாகக் கூடவே கொடுத்தார்கள். சிக்கலை நிறுவனமே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

படுத்துக் கிடக்கும் திரைக்கு இன்னொரு குறையும் உண்டு. மேஜைக்கு மேலே 45 சென்டிமீட்டர் உயரத்தில் கண், திரைக்கும் நமக்கும் கிடைமட்டத்தில் 50 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பார்வை திரையில் விழும் கோணம் ஏறத்தாழ 42 பாகை. அந்தச் சாய்வில் திரையின் உயரம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கித் தெரியும். வட்டமான ருத்ராட்ச மொட்டு நசுங்கிய பழம் போல இருக்கும். கண் இன்னும் தாழ்ந்தால் இன்னும் மோசம். கூடவே கூரையில் இருக்கிற ட்யூப்லைட் நேராகத் திரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதனால்தான் 2021 மாடலிலிருந்து மூடியைத் திறக்கும்போதே இரண்டாம் திரை தன் பின்விளிம்பைத் தூக்கிக்கொண்டு எழும்பும்படி செய்தார்கள். பெரிய மாடலில் 9.5 பாகை. சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள்: மூன்றில் இரண்டாக இருந்தது முக்காலுக்கு மேல் வந்துவிடும். தூக்கிய இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போகிறது என்பது உபரி லாபம். செயலிச் சில்லும் விசிறியும் அந்தத் திரைக்கு நேர் அடியில்தானே இருக்கின்றன.

மவுஸ் பிடிக்கிறவர்களுக்கு ஒரு நுட்பமான தொந்தரவு வரும். வாங்கி ஒரு வாரம் ஆன பிறகுதான் அது தெரியும். திரையின் விளிம்பு ஒரு சுவர். அம்பை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அங்கே முட்டி நிற்கும். அதனால் கீழ்விளிம்பில் இருக்கும் டாஸ்க்பார் பொத்தானைக் குறிவைக்க நிதானம் தேவையில்லை, அடித்துத் தள்ளினால் போதும். இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் இருந்தால் கை போய்ச் சேர நேரம் கூடும் என்பதை 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சூத்திரமாகவே எழுதிவைத்தார். முட்டுச்சுவர் இருக்கும் இலக்கு, அந்தக் கணக்கில் மிகப் பெரிய இலக்குக்குச் சமம். பிரதான திரைக்குக் கீழே இன்னொரு திரையை ஒட்டவைத்தால் அந்தச் சுவர் இடிந்துவிடுகிறது. டாஸ்க்பாரைக் குறிவைத்த அம்பு அதைத் தாண்டி வழுக்கிக் கீழ்த்திரைக்குள் போய்விடும். டாஸ்க்பார் தானாக மறையும்படி அமைத்திருந்தால் எரிச்சல் இரட்டிப்பு.

நிறத்துக்கு வருவோம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில்தான் வயிறு எரியும். 2019-இன் ஜென்புக் ப்ரோ டுவோவில் மேல்திரை ஓஎல்இடி, கீழ்த்திரை எல்சிடி. முன்னதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளி விடும்; பின்னதில் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைப் பிக்சல் மறைத்தும் விட்டும் நிறம் காட்டும். இரண்டும் காட்டக்கூடிய நிறங்களின் எல்லை வேறு, கருப்பின் ஆழம் வேறு. மேல்திரையில் அரக்கு என்று தேர்ந்தெடுத்ததைக் கீழே இழுத்துப் போட்டால் செங்கல் ஆகிவிடும். எம்.எஸ். புளூ என்று சொல்லி ஆளுக்கொரு நீலத்தைக் காட்டுகிற காலம் இது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக இந்த ஊரில் நெய்த நீலத்தை இரண்டு திரையில் இரண்டு நீலமாகப் பார்க்க ஒரு லேப்டாப் வேறு தேவையா? நிறத்தை ஒரு திரையில் மட்டும் முடிவு செய்ய வேண்டும். அதையும் சாயம் போட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். மயில் கழுத்து நிறத்துக்கு எந்தத் திரையும் உதவாது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். துணியைத் திருப்பத் திருப்ப ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையும் எழுந்து வரும். பட்டு இழை வெளிச்சத்தைத் திசைக்குத் திசை வெவ்வேறு விதமாகத் திருப்பி விடுவதால் நடக்கிற வேலை அது. திரையோ எல்லாத் திசைக்கும் ஒரே நிறத்தைத்தான் அனுப்பப் பார்க்கும். கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறினால் அதைப் பழுது என்போம்.

நிறப்பெட்டியையும் கருவிகளையும் கீழ்த்திரையில் நிரந்தரமாக வைப்பதுதான் எல்லோரும் சொல்லும் உபயோகம். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. எல்சிடி என்றால் கவலையில்லை. இரண்டு திரையும் ஓஎல்இடியாக வரும் புதிய மாடல்களில், ஒரே படம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தால் அந்தப் பிக்சல்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். நிறப்பெட்டியை மூடிய பிறகும் அதன் நிழல் திரையில் தங்கிவிடும். இரண்டாம் திரையின் மிகச் சிறந்த உபயோகமே அதன் ஆயுளுக்குக் கேடு என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

மின்சாரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 75 வாட்-மணி பேட்டரி, மென்மையான வேலைக்குச் சராசரி 8 வாட் செலவு என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டாம் திரை இன்னொரு 3 வாட் கேட்டால் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மேஜையிலேயே சொருகி வைத்திருப்பவருக்கு இது பொருட்டில்லை.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை இருப்பதாக நினைக்கிறேன். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். கற்றுக்கொள்ள எளிது. ஆனால் கடையில் வாங்கும் லேப்டாப் கீபோர்டில் அந்த எழுத்துகள் அச்சிட்டிருக்காது. ஸ்டிக்கர் ஒட்டினால் ஆறு மாதத்தில் உரிந்து விரலில் வரும். கீபோர்டுக்கு நேர் மேலே இருக்கும் திரையில் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டால், விரல் நிஜப் பொத்தானிலேயே இருக்க, சந்தேகம் வரும்போது மட்டும் கண் ஓர் அங்குலம் மேலே போய்த் திரும்பும். விரலின் அறிவைப் பறிக்காமல் கண்ணுக்குக் கைகொடுக்கிற இடம் இது. விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனத்தின் ஆலை 2007-இலிருந்து இருக்கிறது. அதே டெல் 2020 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் 'கான்செப்ட் டுவெட்' என்ற இரட்டைத் திரை லேப்டாப்பைக் காட்டியது. விற்பனைக்கு அது வரவே இல்லை. கம்ப்யூட்டர் வியாபாரத்திலேயே நிற்கிற நிறுவனம் ஒன்று யோசித்துப் பின்வாங்கியதை நானும் யோசித்துப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் டிசைன் போடுகிறவருக்கு 24 அங்குல சாதாரண மானிட்டர் ஒன்று போதும். அதில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.27 மில்லிமீட்டர். கட்டத்துக்கு நாலு பிக்சல் கொடுத்தாலே 1.1 மில்லிமீட்டர் கட்டம் கிடைக்கும். மயிலின் அகலமும் உயரமும் 960 பிக்சலில் முழுசாக அடங்கும், மறுபாதி 960-இல் கரை முழுவதையும் ஓடவிடலாம். நடுவில் கீல் கிடையாது, நிறம் ஒன்றுதான், கழுத்து வலி இல்லை. பேனாவும் பலகையும் தனியாக வாங்கிக்கொண்டாலும் செலவு இரட்டைத் திரை லேப்டாப்பின் பக்கத்தில்கூட வராது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் மானிட்டர் தப்பிக்கும், மானிட்டர் உடைந்தால் கம்ப்யூட்டர் தப்பிக்கும். நீளவாக்கில் வெட்டிய தனி அளவுத் திரைக்கு ஊர் ரிப்பேர் கடையில் மாற்றுப் பானல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அலைந்து வியாபாரம் செய்கிறவர் கதை வேறு. 2024-இல் வந்த ஜென்புக் டுவோவில் இரண்டும் 14 அங்குல ஓஎல்இடி, இரண்டும் 2880-க்கு 1800 பிக்சல். நிறத் தகராறு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கீபோர்டைக் கழற்றி எடுத்துவிடலாம், அடியில் தாங்குகால் இருக்கிறது. கீபோர்டோடு 1.65 கிலோ. திரை இரண்டையும் மேஜைமேல் விரித்துத் தட்டையாகவும் வைக்கலாம். காந்தி ரோட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் பக்கத்துத் திரையில் சேலையின் முந்தியும் கரையும் ஓடும், நம் பக்கத்துத் திரையில் கட்டங்கள் இருக்கும். 'இந்த அன்னத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள், நடுவில் ஒரு மல்லிமொக்கு வையுங்கள்' என்று அவர் சொல்லச் சொல்ல மாற்றிக் காட்டலாம். அந்த ஒரு காரியத்துக்கு இதைவிடத் தோதான கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அதற்காக ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் போடுகிறவர், பில் போடும் முன் இரண்டு திரையையும் ஒரே வெள்ளைப் பக்கத்தில் நிறுத்தி நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டாவதை அணைத்துவிட்டுப் பழைய பழக்கத்தில் பத்து நிமிடம் தட்டிப் பார்க்கட்டும். திரைக்குத் தனியாக வாரண்டி உண்டா, எத்தனை ஆண்டு, மாற்றிக் கொடுப்பது சென்னையிலா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.